திண்டு தைப்பது எப்படி: துணி வாங்குவதிலிருந்து வாய் மூடுவது வரை

ஆங்கிலத்தில் ‘போல்ஸ்டர்’ என்றால் திண்டு என்றும் பொருள், தாங்கிப் பிடிப்பது என்றும் பொருள். இரண்டாவது பொருளை மறந்துவிட்டுத் தைத்தால் கையில் வருவது நீளமான ஒரு தலையணை. சாய்ந்த பத்தாவது நிமிடம் அது நசுங்கிப்போய் முதுகு சுவரில் இடிக்கும்.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் இதுவரை ஏழெட்டுப் பேருக்குத் திண்டு தைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் மெஷின் ஓட்டத் தெரியும், ஜாக்கெட்கூடத் தைப்பார்கள். இருந்தும் எல்லோரும் மாட்டிக்கொண்டது ஒரே மூன்று நான்கு இடங்களில். நானும் அங்கேதான் மாட்டினேன். என் முதல் திண்டு நடுவில் பெருத்து, இரண்டு முனையும் சூம்பி, பலாப்பழம் மாதிரி வந்தது. அத்தை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுல சாயறதா, அரியறதா?” என்று கேட்டார்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு வேலையை முன்னே பின்னே செய்தால் அடுத்தது கெடும், எங்கே கெடும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைப்பதே முதல் தவறு.

1. யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்க்க வேண்டுமென்றால் குறுக்களவு 9 அங்குலம், நீளம் 24 அங்குலம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த அளவைத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன். யோகாசனத்துக்கும் இதே அளவு சரிவரும், ஆனால் இன்னும் கெட்டியாக அடைக்க வேண்டும். மார்பும் வயிறும் முழுதாக அதன் மேல் விழுமே. மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கேட்டால் 6 அல்லது 7 அங்குலக் குறுக்களவு போதும்.

அளவை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் பஞ்சுக் கணக்கு. குறுக்களவை 9-லிருந்து 7-ஆகக் குறைத்தால் பஞ்சும் கொஞ்சம்தான் குறையும் என்று தோன்றும். உண்மையில் நீளம் மாறாவிட்டாலும் பஞ்சு ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2 கிலோ பிடித்த இடத்தில் 1.2 கிலோ போதும். இது தெரியாமல் மூட்டையாக வாங்கி, மிச்சத்தை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்காகத் தைக்கிறீர்கள் என்றால் முதலில் அவருடைய மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள். முட்டிக்கு அடியில் திண்டை வைத்து மடக்கியபடியே படுத்துப் பழகினால் காலை முழுதாக நீட்ட வராமல் போகலாம். அதனால் குதிகால் பக்கம் வைக்கத்தான் பொதுவாகச் சொல்வார்கள்.

அடுத்தது கைக்குழந்தை. குழந்தை உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் குட்டித் திண்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தையின் படுக்கையில் திண்டு, தலையணை எதுவுமே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. முகம் அதில் புதைந்துவிட்டால் சின்னக் குழந்தையால் விலக்கிக்கொள்ள முடியாது. யார் கேட்டாலும் நான் அதைத் தைத்துக் கொடுப்பதில்லை, மனஸ்தாபம் வந்தாலும் சரி.

2. சாமான்கள்: துணியைவிடப் பஞ்சு வாங்குவதில் கவனம் தேவை

உள்துணிக்கு மெத்தைக் கடையில் கிடைக்கும் கோடு போட்ட கெட்டிப் பருத்தித் துணி, 36 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஒன்றேகால் மீட்டர். வெட்டுவதற்கு 35 அங்குல நீளம்தான் தேவை. ஆனால் துணி சுருங்கும், கடைக்காரர் கோணலாகக் கிழித்திருப்பார், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தக் கூடுதல். மேல் உறைக்கு உங்களுக்குப் பிடித்த துணி இன்னொரு ஒன்றேகால் மீட்டர்.

உள்துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். துணியில் வாயை வைத்து ஊதினால் காற்று சுலபமாக அந்தப் பக்கம் போகக் கூடாது. இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது. பருத்தி இழை முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இலவம் இழை அப்படிப் பிடிக்காது, இடைவெளி கிடைத்தால் நழுவி வந்துவிடும். பழைய காட்டன் புடவையை உள்துணியாக வைத்த ஒருவர் வீட்டில் ஒரு மாதம் கருப்புச் சட்டை யாரும் போட முடியவில்லை.

பஞ்சில் என் ஓட்டு இலவத்துக்கு. இழையின் உள்ளே குழல் மாதிரி வெற்றிடம், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் கனமில்லை, வியர்வை ஈரத்தை எளிதில் குடிக்காது, அமுக்கினால் திரும்பி எழும். பருத்தி இன்னும் கெட்டியாக நிற்கும், ஆனால் இதே அளவுக்கு 3 கிலோவுக்கு மேல் பிடிக்கும், சில வருடத்தில் கட்டியாகிவிட்டால் திரும்பக் கொட்டிப் பஞ்சாக்க வேண்டும். யோகாவுக்கு மட்டும் பருத்தி நல்லது, நகராமல் இருக்கும். பாலியஸ்டர் பஞ்சைத் துவைக்க முடியும் என்பது ஒன்றுதான் லாபம், சாயும் திண்டுக்கு அது சீக்கிரம் சப்பிவிடும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் மட்டும் நானே பாலியஸ்டரைச் சொல்வேன்.

பெங்களூருக் கடையில் வெறுமனே ‘ஹத்தி’ என்று கேட்டால் பருத்தியைத்தான் எடுத்துப் போடுவார்கள். ‘பூருகத ஹத்தி’ என்று கேளுங்கள். “எஷ்டு கேஜி பேக்கு?” என்பார்கள். இரண்டரை கிலோ என்று சொல்லுங்கள். 2 கிலோ அடைக்க, மீதி மறுநாள் சேர்க்க. இரண்டரை கிலோதானே என்று பைக்கில் போகாதீர்கள், அது ஒரு சாக்கு மூட்டை. ஆட்டோதான்.

வாங்கும்போது ஒரு பிடி எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இலவம் என்றால் பட்டு மாதிரி மினுமினுத்து, எதிர்ப்பே இல்லாமல் பிரியும். இழுக்கும்போது பிடித்துக்கொண்டு நார் நாராக வந்தால் பருத்தி கலந்திருக்கிறது. கலர் நூல், ஸ்பாஞ்சுத் துண்டு கண்ணில் பட்டால் மூட்டையின் அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தேனிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் போடிநாயக்கனூரிலிருந்து வாங்கிவரச் சொல்லலாம். இலவு காத்த கிளியாகாமல், எப்போது வருகிறார்கள் என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை: 16-ஆம் நம்பர் மெஷின் ஊசி, கெட்டி நூல்கண்டு, நீளமான கையூசி, குண்டூசி, இரண்டு மீட்டர் பாவாடை நாடா, துணிக்கு எழுதும் மார்க்கர். கமர்ஷியல் தெருப் பக்கம் இப்ராஹிம் சாகிப் தெருவில் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். 11-ஆம் நம்பர் ஊசியில் தைக்கப் பார்க்காதீர்கள். திண்டின் இரு முனையையும் மூடும் வட்டத்தில், துணி அடுக்கு சேரும் இடத்தில் ஒடியும், ஒடிந்த முனை துணிக்குள்ளேயே தங்கும். அதில்தான் ஒருவர் சாயப் போகிறார்.

3. இரண்டு துணியையும் முதலில் நனையுங்கள்

உள்துணியைத் துவைக்கவே போவதில்லையே, எதற்கு நனைக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கஞ்சி போவதற்காக. கஞ்சியோடு விறைப்பாக இருக்கும் துணி வட்டத்தில் வளையாது, ஊசியையும் வழுக்கிவிடும். மேல் உறைக்கோ நேரடிக் காரணம்: நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் சுருங்கி, அதற்குள் திண்டைத் திணிக்க இரண்டு ஆள் வேண்டும்.

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும், நிழலில் காயட்டும், லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

4. பஞ்சை வெயில் காட்டி உதிருங்கள்

மூட்டையில் அமுங்கிக் கிடந்த பஞ்சு வெயில் பட்டதும் விரிந்து எழும். விரிந்த பிறகு அடைத்தால்தான் எவ்வளவு போகிறது என்ற கணக்கு சரியாக வரும். ஈரத்தோடு அடைத்தால் கட்டி தட்டும், முடை நாற்றம் வரும், அப்புறம் என்ன செய்தாலும் போகாது.

திறந்து பரப்பினால் பக்கத்துத் தெருவுக்கே போய்விடும். பழைய போர்வை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, மொட்டை மாடியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒரு தரம் புரட்டிப் போட்டு. பெங்களூரில் இதற்குத் தோதான மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சாயந்திர மழை சொல்லாமல் வரும். மூன்று மணிக்குள் இறக்கிவிடுங்கள்.

அப்புறம் உதிர்ப்பது. கட்டிகளைக் கையால் பிரித்து, கருப்பு விதைகளையும் காய்க்குள் இருக்கும் தண்டுத் துணுக்குகளையும் பொறுக்கி எடுக்க வேண்டும். விதையில் எண்ணெய் உண்டு, நசுங்கினால் கறை. துணுக்கு முதுகில் குத்தும்.

இதைப் பால்கனியிலோ மின்விசிறிக்கு அடியிலோ செய்யாதீர்கள். என் வீட்டில் குளியலறைதான் பஞ்சறை: சின்ன இடம், காற்றில்லை, முடித்ததும் சுவரைத் துடைத்துவிடலாம். முதல் நாளே நன்றாகக் காயவிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்குக்கு முகக்கவசம், தலைக்குத் துணி. அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். இலவம் பஞ்சு பற்றினால் நாம் எழுந்திருப்பதற்குள் போய்விடும்.

5. வெட்டுங்கள், ஆனால் உறையைத் தொடாதீர்கள்

குறுக்களவை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் சுற்றளவு. 9 அங்குலத்துக்கு 28¼. தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் சேர்த்தால் 29¼. நீளம் 24, அதற்கும் ஒரு அங்குலம் சேர்த்து 25. ஆக உடல் துணி 29¼-க்கு 25. பன்னாவின் குறுக்கே 29¼ வரட்டும். கோடுகள் திண்டின் நீளவாக்கில் ஓடும், இரண்டு வட்டங்களுக்கும் கீழே இடம் மிஞ்சும்.

வட்டம் 10 அங்குலம், 9 அல்ல. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வட்டத்துக்கும் சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போகும். 10 அங்குலச் சதுரத்தை நாலாக மடித்து, மடிப்பு முனையிலிருந்து 5 அங்குலத்தில் வளைவாகக் குறித்து வெட்டினால் சீரான வட்டம் கிடைக்கும். மடிப்பைப் பிரிப்பதற்கு முன் நான்கு கால் புள்ளிகளிலும் மார்க்கரால் குறியுங்கள். உடல் துணியின் இரண்டு வட்ட ஓரங்களிலும் அதே மாதிரி: இரு பக்கமும் தையலுக்கான அரை அங்குலத்தை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ள 28¼-ஐ நாலாகப் பிரித்துக் குறிக்க வேண்டும்.

உறைத் துணியை இப்போது வெட்ட வேண்டாம். பஞ்சு அடைத்த திண்டு நீங்கள் கணக்குப் போட்ட திண்டாக இருக்காது. முனை கொஞ்சம் உப்பும், சுற்றளவு கொஞ்சம் கூடும். அடைத்த பிறகு டேப் வைத்து அளந்து வெட்டுவோம்.

6. நீளத் தையல், நடுவில் வாய்

உடல் துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, 25 அங்குல ஓரங்களைச் சேர்த்து அரை அங்குலத்தில் தையுங்கள். நடுவில் 8 அங்குலத்தைத் தைக்காமல் விடுங்கள், பஞ்சு அடைக்க அதுதான் வாய். வாயின் இரு முனையிலும் மெஷினை முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள், கை போய்ப் போய் வரும்போது அங்கேதான் கிழியும்.

வாயை ஏன் வட்டத்தில் விடக் கூடாது? வளைந்த ஓரத்தைப் பஞ்சு அடைத்த பிறகு கையால் மூடினால் கோணல்மாணலாகச் சுருங்கும். ஏன் நடுவில்? அங்கிருந்து இரண்டு முனையும் 12 அங்குலம்தான், முழங்கை வரை விட்டால் எட்டும். ஏன் 8 அங்குலம்? நாலு அங்குலம் விட்டவர்களுக்குக் கை நுழைந்தது, பஞ்சோடு நுழையவில்லை.

தைத்ததும் தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். வாயின் ஓரங்களும் அரை அங்குலம் உள்ளே மடிந்து கோடு விழட்டும். பஞ்சு நிறைந்த பிறகு அந்த மடிப்பை நேராகப் பிடிக்கவே முடியாது.

இப்போது டேப்பை எடுத்துக் குழாயின் சுற்றளவைப் பாருங்கள். 28¼ இருக்கிறதா? கால் அங்குலம் முன்னே பின்னே இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் இப்போதே பிரித்துத் தையுங்கள். அடுத்த படியில் எதையும் சரிசெய்ய வழியில்லை.

7. வட்டம் பொருத்துவது

நேரான ஓரத்தை வளைந்த ஓரத்தோடு சேர்க்கிறோம். நேர் ஓரம் சும்மா வளையாது. அதற்கு வெட்டு வேண்டும்.

குழாயின் இரண்டு ஓரங்களிலும், ஓரத்திலிருந்து முக்கால் விரல்... சரி, அங்குலக் கணக்கிலேயே சொல்கிறேன், ⅜ அங்குலத்தில் ஒரு சுற்றுத் தையல் போடுங்கள். பிறகு அரை அங்குலத்துக்கு ஒன்றாக, அந்தத் தையலைத் தொடாமல் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு. வட்டத்தோடு சேர்க்கும்போது இந்த வெட்டுகள் விசிறி மாதிரி விரிந்து இடம் கொடுக்கும். முன்னால் போட்ட தையல், வெட்டு மேலே ஓடாமல் காவல் காக்கும். வட்டத்தில் வெட்டு வேண்டாம்.

நான்கு குறியையும் நான்கு குறியோடு சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் இடையில் இன்னும் மூன்று. வெட்டு உள்ள குழாய் மேலேயும் வட்டம் கீழேயும் இருக்கட்டும், வெட்டுகள் விரிவதைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம். அரை அங்குலத்தில், மெதுவாக. நாலு தையலுக்கு ஒரு முறை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, மெஷினின் பாதத்தைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். துணியை இழுத்து ஓட்டினால் சுருக்கம் எல்லாம் கடைசிக் காலில் வந்து குவியும்.

மாடி வீட்டுப் பெண் ஒரு நாள் பாதியில் எழுந்து வந்தாள். “அக்கா, சுத்தி வந்துட்டேன், மூணு அங்குலம் மிஞ்சுது. மடிச்சு உள்ள விட்டுடவா?”

“வட்டத்தை எப்படி வெட்டினே?”

“தட்டு வச்சுதான். ஒன்பது அங்குலத் தட்டு.”

அதேதான். 9 அங்குலத்தில் வெட்டி அரை அங்குலத்தில் தைத்தால் வட்டம் 8-ஆகிவிடும், அதன் சுற்று 25 சொச்சம். குழாய் 28¼. மூன்று அங்குலம் மிஞ்சாமல் என்ன செய்யும்? மடித்து உள்ளே விட்டால் அந்த இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒரு மடிப்பு நிரந்தரமாக நிற்கும். வட்டத்தைப் புதிதாக வெட்டச் சொன்னேன். முகம் சுளித்தாள், ஆனால் வெட்டினாள்.

ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் மிஞ்சினால் பயப்பட வேண்டாம். தையலைப் பிரித்து, மிச்சத்தை நான்கு கால்களுக்கும் பங்கு போட்டால் காணாமல் போய்விடும். இரண்டு வட்டமும் முடிந்ததும் தையலுக்கு ஒட்டி வெளிப்பக்கமாக இன்னொரு சுற்று ஓட்டுங்கள். பஞ்சு தள்ளும் வேகம் முழுக்க இந்த ஓரத்தில்தான் விழும்.

வாய் வழியாகப் புரட்டி எடுங்கள்.

8. பஞ்சு அடைப்பது: திண்டு உருவாவது இங்கேதான்

முதலில் தராசு. 2 கிலோவை நிறுத்து, ஒரு கிலோ ஒரு கிலோவாக இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று வலது பாதிக்கு, ஒன்று இடது பாதிக்கு. இதைச் செய்யாதவர்கள் எல்லோருக்கும் ஒரு பக்கம் கல், மறுபக்கம் பஞ்சு மிட்டாய். கைக்கு வலது பக்கம் சுலபம், அதனால் நாமறியாமலே அங்கே கூடுதலாகத் திணிக்கிறோம்.

பிடியளவில் எடுங்கள், இரண்டு கையும் கொள்ளும் அளவு. துளித்துளியாகப் போட்டால் சீராக வரும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. சின்னத் துணுக்குகள் தனித்தனி உருண்டையாகி மேலே கையால் தடவினால் நெல்லிக்காய் மூட்டை மாதிரி தெரியும். பெரிய பிடிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடம்பாக நிற்கும்.

முதல் பிடி வட்டத்தின் நடுவுக்குப் போகக் கூடாது. வட்டமும் குழாயும் சேரும் அந்த ஓரத்தைச் சுற்றி வளையமாக அடையுங்கள், விரலின் பின்பக்கத்தால் தையலோடு ஒட்டி அழுத்தி. கை எட்டாத இடத்துக்குச் சப்பாத்திக் கட்டை. ஓரம் கெட்டியானதும் நடுவை நிரப்புங்கள். நடுவை முதலில் நிரப்பினால் பஞ்சு அங்கே உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும், அதைத் தாண்டி ஓரத்துக்கு எதுவும் போகாது. என் பலாப்பழம் இப்படி வந்ததுதான்.

வலது முனை முடிந்ததும் இடது முனை. அப்புறம் வலதில் நாலு பிடி, இடதில் நாலு பிடி என்று மாற்றி மாற்றி நடுவை நோக்கி வாருங்கள். ஒரு பாதியை முழுக்க முடித்துவிட்டு மறுபாதிக்குப் போனால் நடுவில் இரண்டு பஞ்சும் சேராமல் பிளவு விழும். ஆறு மாதத்தில் அங்கே இடுப்பு மடிந்து திண்டு இரண்டாக ஒடியும். நடுவுக்கு வரும்போது பிடிகளைக் குறுக்காக, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் கிடக்கும்படி வையுங்கள்.

பாதிக் கிலோவுக்கு ஒரு முறை தரையில் போட்டுச் சப்பாத்தி தேய்ப்பது போல உருட்டுங்கள். மேடு பள்ளம் உடனே கைக்குத் தெரியும். வாயைக் கையால் பிடித்துக்கொண்டு உருட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பக் குளியலறையைப் பெருக்க வேண்டும்.

போதுமா என்று எப்படித் தெரியும்? இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பின் கனத்தோடு அழுத்துங்கள். ஒரு அங்குலம் அமுங்கி, கையை எடுத்ததும் திரும்ப வர வேண்டும். இரண்டு அங்குலம் போனால் இன்னும் வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் முதுகெலும்பு உறுத்தும், கொஞ்சம் எடுங்கள்.

இப்போது மூடாதீர்கள். வாயைக் குண்டூசியால் சேர்த்து, வாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன் மேல் அரிசி மூட்டையோ கனமான புத்தகங்களோ ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பார்த்தால் தளர்ந்திருக்கும். நேற்று நிறைந்திருந்த இடத்தில் இன்று இன்னும் இருநூறு முந்நூறு கிராம் போகும். அன்றே மூடியவர்களின் திண்டு ஒரு வாரத்தில் தொளதொளத்துப் போகக் காரணம் இதுதான். தையலைக் குறை சொல்லிப் பயனில்லை.

9. வாய் மூடுவது

நூலை இரட்டையாகக் கோர்த்து, வாய்க்கு அரை அங்குலம் முன்னாலிருந்தே தொடங்குங்கள். இஸ்திரி போட்டு வைத்த மடிப்பு இப்போது உதவும். இந்தப் பக்க மடிப்புக்குள் ஒரு தையல், நேரெதிரே அந்தப் பக்க மடிப்புக்குள் ஒரு தையல், ஏணிப்படி மாதிரி. நாலைந்து படி போட்டு இழுத்தால் இரண்டு ஓரமும் சேர்ந்து நூல் மறைந்துவிடும்.

இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒரே ஓட்டமாகத் தைத்தால் ஒரு இடத்தில் நூல் அறுந்ததும் வாய் முழுவதும் திறந்துகொள்ளும்.

10. உறை

இப்போது அளவெடுங்கள். திண்டின் நடுச் சுற்றளவு, அதோடு தையலுக்கு ஒரு அங்குலம், போட்டுக் கழற்ற இன்னொரு அங்குலம். நீளத்துக்கு ஒரு வட்டத்தின் மையத்திலிருந்து திண்டின் மேலாக மறு வட்டத்தின் மையம் வரை டேப்பை ஓட்டுங்கள். 33, 34 வரும். அதோடு நாடா மடிப்புக்கு இரண்டரை அங்குலம். வெறும் 24-ஐ வைத்து வெட்டியவர்களின் உறை முனைகளை மூடவே இல்லை.

நீளத் தையலைப் போடும்போது இரு முனையிலும் ஒன்றரை அங்குலம் விட்டுத் தையுங்கள். இதை மறந்தால் நாடா நுழைக்க வழி இருக்காது. முனையைக் கால் அங்குலமும் பிறகு ஒரு அங்குலமும் மடித்துத் தைத்து, பாவாடைக்குக் கோர்ப்பது போல நாடாவைக் கோர்த்து இழுத்துக் கட்டுங்கள். நடுவில் காசளவு ஓட்டை தெரியும். துணி சுற்றிய பெரிய பொத்தானை உள்துணியின் வட்ட மையத்தில் வைத்துத் தைத்தால் அது மறையும். ஜிப் வைத்த உறை பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் முதல் திண்டுக்கு வேண்டாம். ஜிப் இருக்கும் பக்கம் எப்படியும் சாய்பவர் முதுகுக்குத்தான் வந்து சேரும்.

11. பிறகு

உறையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை துவையுங்கள். உள்ளே இருப்பதைத் தண்ணீரில் போடவே கூடாது. மாதம் ஒரு நாள் வெயில், அன்றைக்கே நாலு பக்கமும் தட்டி உருட்டினால் போதும். மழைக்காலத்தில் தரையோடு ஒட்டி வைக்காமல் பாயின் மேல் வையுங்கள். காபி கொட்டி உள்ளே இறங்கிவிட்டால் கையூசித் தையலைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் எடுத்துக் காயவைத்துத் திரும்ப அடையுங்கள்.

தினமும் சாயும் திண்டென்றால் சில வருடத்தில் இலவ இழை நொறுங்கித் தூளாகும், திண்டு தளரும். அப்போதும் அந்த எட்டு அங்குல வாய்தான் வழி. அதற்காக, மூடுவதற்கு முன்பே உள்துணியின் வட்டத்தில் மார்க்கரால் பஞ்சின் எடையையும் மாதம், வருடத்தையும் எழுதிவிடுங்கள். என் வீட்டுத் திண்டில் ‘2.3 கிலோ, பிப்ரவரி’ என்று இருக்கிறது. வருடம் எழுத மறந்துவிட்டேன்.